கடற்பாசியின் வரவும் செலவும்

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் கடற்பாசி வளர்ப்பைக் குறித்துப் பெரும் எதிர்பார்ப்பு உருவாகியிருக்கிறது. 2020-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கடற்பாசிக்கென 640 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆண்டுக்கு 11.2 லட்சம் டன் உற்பத்தியை எட்டுவது அத்திட்டத்தின் இலக்கு. 2023 செப்டம்பரில், 127.71 கோடி ரூபாய் மதிப்பிலான பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு இம்மாவட்டத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது.

நிலம் வேண்டாம், நன்னீர் வேண்டாம், உரமும் பூச்சிக்கொல்லியும் வேண்டாம். நாற்பத்தைந்து நாளில் அறுவடை. மீனவப் பெண்களுக்கு வீட்டருகிலேயே வருமானம். கடற்பாசிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் இவை அனைத்தும் உண்மையே. ஆனால், இத்தனை பெரிய இலக்குகள் ஓர் எளிய பெருக்கல் கணக்கின் மீது நிற்கின்றன. ஒரு மிதவைக்கு இத்தனை கிலோ, ஆண்டுக்கு இத்தனை சுற்று, ஆகவே இத்தனை மிதவைக்கு இத்தனை டன் என்பதே அந்தக் கணக்கு. இதில் உற்பத்தியாளரான கடற்பாசியின் இயல்பு இடம்பெறவில்லை. அது கதிரவன் ஒளியில் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் உயிர். ஒளி, வெப்பம், உவர்ப்பு, ஊட்டச்சத்து ஆகிய நான்கும் மாறும்போது அதன் உற்பத்தியும் மாறும். எவ்வளவு மாறும், யாருக்கு இழப்பாகும் என்பதைப் பொருளியல் நோக்கில் அறிந்துகொள்வது இன்று அவசியமாகிறது.

நம் கடலில் வளர்க்கப்படும் பாசிகளில் முதன்மையானது கப்பாஃபைகஸ் அல்வாரெசி. இது நம் கடலுக்குரியது அன்று. ஹவாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாக்ஸ்வெல் டோட்டி என்ற அறிஞரின் முயற்சியால், பிலிப்பைன்ஸ் நாட்டில் 1960-களிலும் 1970-களிலும் வளர்ப்புப் பயிராக மாற்றப்பட்டது. பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் இதை இந்தியாவில் வளர்த்துப் பார்த்து, 1990-களின் பிற்பகுதியில் மண்டபம் பகுதிக்குக் கொண்டுவந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டி ஒரு பன்னாட்டுக் குளிர்பான நிறுவனம் ஒப்பந்த வளர்ப்பைத் தொடங்கியதால், கடலோர மக்கள் இன்றும் இதைப் 'பெப்சி பாசி' என்றே அழைக்கிறார்கள். இதிலிருந்து கிடைக்கும் கராஜீனன் என்னும் கூழ்ப்பொருள் ஐஸ்கிரீம் முதல் பற்பசை வரை பயன்படுகிறது. நம் கடலுக்கே உரிய கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் அகர் என்னும் கூழ்ப்பொருளைத் தருகின்றன. இவை அனைத்தும் சிவப்புப் பாசி என்னும் ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவை. உலகில் இக்குலத்தில் 7,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. நூறு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைப் படிவங்களிலேயே இக்குலத்தின் முன்னோர் காணப்படுகின்றனர்.

சிவப்புப் பாசி ஏன் சிவப்பாக இருக்கிறது என்ற கேள்வியிலிருந்தே அதன் ஒளிச்சேர்க்கையை விளங்கிக்கொள்ளலாம். நிலத்துத் தாவரங்கள் பச்சையம் என்னும் நிறமியைக் கொண்டு பெரும்பாலும் சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் உறிஞ்சுகின்றன. பச்சை ஒளியின் ஒரு பகுதியை வெளியே விட்டுவிடுவதால் இலை நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. கடலுக்குள் நிலைமை வேறு. சிவப்பு ஒளியை முதல் சில மீட்டர்களிலேயே நீர் விழுங்கிவிடுகிறது. ஆழத்துக்குச் செல்லச் செல்ல, தெளிந்த கடலில் நீல ஒளியும், கலங்கலான கரையோரக் கடலில் பச்சை ஒளியுமே எஞ்சுகின்றன.

எஞ்சிய அந்த ஒளியைப் பயன்படுத்தச் சிவப்புப் பாசியிடம் பச்சையத்துடன் வேறு சில நிறமிகளும் உள்ளன. அவற்றுள் ஃபைகோஎரித்ரின் பச்சை ஒளியை உறிஞ்சிச் சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. பாசி சிவப்பாகத் தோன்றுவது இதனால்தான். இது தான் பெற்ற ஆற்றலை ஃபைகோசயனினுக்கும், அது அல்லோஃபைகோசயனினுக்கும், அது இறுதியில் பச்சையத்துக்கும் கைமாற்றுகிறது. வாளிகள் கைமாறி வயலுக்குப் போவது போன்ற இந்த ஏற்பாட்டில் வழியில் சிந்துவது மிகக் குறைவு. பஹாமாஸ் தீவுகளின் அருகே 268 மீட்டர் ஆழத்தில் ஒரு சிவப்புப் பாசி 1984-இல் கண்டறியப்பட்டது. மேற்பரப்பில் விழும் ஒளியில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு அளவே அங்கே எட்டும். அந்தச் சொற்ப வரவிலும் அது குடும்பம் நடத்துகிறது.

எந்த நிறப் பாசி எந்த ஆழத்தில் வாழும் என்பதை நிறமே தீர்மானிக்கிறது என்று 1883-இல் ஜெர்மானிய அறிஞர் எங்கெல்மான் கருதினார். பின்னர் வந்த ஆய்வுகள் அதைத் திருத்தின. பச்சைப் பாசிகளும் ஆழத்தில் வாழ்கின்றன. நிறமியின் வகையோடு அதன் அளவும், பாசி உடலின் தடிப்பும் சேர்ந்தே ஒளியைப் பிடிக்கும் திறனை முடிவுசெய்கின்றன. அந்த நிறமியின் அளவைச் சிவப்புப் பாசி தன் சூழலுக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. நிழலில் வளரும் கஞ்சிப்பாசி கருஞ்சிவப்பாகவும், வெயிலில் வளர்வது மஞ்சள் தட்டியும் இருக்கக் காரணம் இதுவே. நிறமி புரதத்தால் ஆனது. புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். ஒளி தாராளமாகக் கிடைக்குமிடத்தில் விலை உயர்ந்த நிறமியை மிகுதியாக வைத்திருப்பது வீண்செலவு. கடல்நீரில் நைட்ரஜன் குறையும் காலத்தில், சேமித்து வைத்த நகையை விற்றுச் சாப்பிடுவதுபோல, நிறமிப் புரதத்தைச் சிதைத்துப் பாசி உயிர்வாழ்கிறது. வெளிறிய பாசியைக் கண்டால், அது இருப்பைக் கரைத்துக்கொண்டிருக்கக்கூடும் என்று கொள்ளலாம்.

ஒளி குறைந்தால் சமாளிக்கும் இந்தக் குலத்துக்கு, ஒளி மிகுந்தால்தான் இடர். நண்பகல் வெயிலில், மேற்பரப்பை ஒட்டி மிதக்கும் பாசியின் மீது அது பயன்படுத்த முடிவதைவிடப் பன்மடங்கு ஒளி விழுகிறது. மிஞ்சிய ஆற்றல் ஒளிச்சேர்க்கை அமைப்பில் உள்ள ஒரு முக்கியப் புரதத்தைச் சேதப்படுத்துகிறது. உற்பத்தி நண்பகலில் சரிந்து மாலையில் மீள்வது இதன் விளைவு. சேதத்தைப் பழுதுபார்க்கும் வேலை இடைவிடாது நடந்துகொண்டே இருக்கும். பழுதின் வேகத்தைப் பழுதுபார்ப்பின் வேகம் எட்டிப்பிடிக்கும் வரை தொல்லையில்லை. அதோடு வெப்பமும் ஊட்டக்குறைவும் சேர்ந்துகொண்டால் பழுது முந்திவிடும்.

வெப்பத்தின் பங்கு இன்னும் நுட்பமானது. பகலில் மட்டும் வரவு. சுவாசம் என்னும் செலவோ இரவும் பகலும் உண்டு. வரவிலிருந்து செலவைக் கழித்தால் எஞ்சுவதே வளர்ச்சி. அறுவடையில் நாம் எடுப்பது அந்த மிச்சத்தைத்தான். கடல்நீர் சூடாகும்போது ஒளிச்சேர்க்கை ஓரளவு வரை உயர்ந்து, பிறகு தேங்கி, பின்னர் இறங்குகிறது. சுவாசச் செலவோ அதன் பிறகும் ஏறிக்கொண்டே போகிறது. கப்பாஃபைகஸ் பாசிக்கு ஏற்றது 25 முதல் 30 டிகிரி செல்சியஸ். கத்திரி வெயில் காலத்தில் பாக் நீரிணையின் ஆழமற்ற கரையோர நீர் இதைத் தாண்டிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நன்னீரைக் கொண்டுவந்து கொட்டி உவர்ப்பைக் குறைப்பதோடு, அலையையும் பெருக்கி மிதவைகளைக் குலைக்கிறது.

இவ்வாறு நலிந்த பாசியின் கிளைகள் ஆங்காங்கே பனிக்கட்டிபோல் வெளுத்து இற்று விழுகின்றன. 'ஐஸ்-ஐஸ்' என்று உலகெங்கும் வழங்கும் இந்நோயில் நுண்ணுயிரிகளுக்கும் பங்குண்டு. ஆனால் அவை பெரும்பாலும் நலிந்த உடலில் நுழைபவை. கதவைத் திறந்து விடுவது வெப்பமும் உவர்ப்புக் குறைவுமே.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். நம் கரையில் வழங்கும் மூங்கில் மிதவை ஒன்றில் 60 கிலோ விதைப்பாசி கட்டினால், நல்ல பருவத்தில் 45 நாளில் ஏறத்தாழ 240 கிலோ கிடைக்கும். அதாவது, நாளொன்றுக்குச் சுமார் 3.1 விழுக்காடு கூட்டுவட்டியில் பாசி வளர்கிறது. அடுத்த சுற்றுக்கான 60 கிலோ விதையை எடுத்து வைத்தால் மிச்சம் 180 கிலோ. இந்த அன்றாட வளர்ச்சி 2 விழுக்காடாகக் குறைகிறது என்று கொள்வோம். 45 நாளில் 60 கிலோ 146 கிலோவாகவே ஆகும். விதை போக 86 கிலோ. ஒரு விழுக்காடாகக் குறைந்தால் மொத்தம் 94 கிலோ. மிச்சம் 34 கிலோ. வளர்ச்சி விகிதம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் விற்பனைக்குரிய விளைச்சல் பாதிக்கும் மேல் குறைகிறது. மூன்றில் இரு பங்கு குறைந்தால் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. கூட்டுவட்டி ஏறும்போது எவ்வளவு இனிக்கிறதோ, இறங்கும்போது அவ்வளவு கசக்கும்.

பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ. ஒருவர் 45 மிதவைகளைப் பராமரித்து, நாளுக்கு ஒன்றாக அறுவடை செய்வது வழக்கம். 2013-இல் நிலவிய கிலோ 35 ரூபாய் விலையில் வைத்துப் பார்த்தால், நல்ல பருவத்தில் நாளுக்கு 630 ரூபாய் வந்த இடத்தில், வளர்ச்சி 2 விழுக்காடானால் 301 ரூபாயும், ஒரு விழுக்காடானால் 119 ரூபாயும் வரும். மூங்கில், கயிறு, வலை ஆகியவற்றின் செலவு இதில் கழிக்கப்படவில்லை. கடல்நீரின் வெப்பநிலையில் ஓரிரு டிகிரி ஏற்றம் என்பது ஆய்வறிக்கையில் ஒரு கோடு. கரையிலுள்ள பெண்ணுக்கு அது அன்றைய அடுப்பு.

இது வெறும் அனுமானம் அன்று. தமிழகத்தில் 2001-இல் 21 டன்னாக இருந்த காய்ந்த கப்பாஃபைகஸ் உற்பத்தி 2013-இல் 1,490 டன்னை எட்டியது. அதன் பிறகு பாசிகள் கூட்டங்கூட்டமாக மடிந்ததால் உற்பத்தி கடுமையாகச் சரிந்தது. இந்தப் பாசி விதை தூவிப் பயிரிடப்படுவதில்லை. கரும்புக் கரணைபோல் கிளையை வெட்டி நடுவதே வழக்கம். எனவே நம் கடலில் உள்ள பயிரெல்லாம் ஏறத்தாழ ஒரே செடியின் துண்டுகள். ஒன்றைக் கொல்லும் வெப்பம் அனைத்தையும் கொல்லும். ஒரே பங்கில் முழுச் சேமிப்பையும் போட்டவரின் நிலை இது.

இதே பாசியை வளர்க்கும் மற்றொரு கடலோரமும் இந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவில் 1989-இல் தொடங்கிய வளர்ப்பில் பெரும்பான்மையோர் பெண்கள். ஆழமற்ற கரையோர நீர் சூடேறியபோது நல்ல விலை தரும் கப்பாஃபைகஸ் அங்கே பிழைக்கவில்லை. விலை குறைந்த வேறொரு சிவப்புப் பாசிக்கு அவர்கள் மாற நேர்ந்தது. குளிர்ந்த ஆழ்நீருக்குச் சென்றால் நல்ல பாசி வளரும். ஆனால் அதற்குப் படகு வேண்டும். நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். பல பெண்களுக்கு இரண்டும் எட்டவில்லை. பாசியின் உடலியல் எல்லை அங்கே வருமான எல்லையாகவும், பின்னர் ஆண்-பெண் ஏற்றத்தாழ்வாகவும் உருமாறியது.

நம் கடலில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெட்டிய துண்டிலிருந்து விரைந்து வளரும் ஆற்றலே இப்பாசியின் சிறப்பு. அதுவே அபாயமும் ஆகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மீது கப்பாஃபைகஸ் படர்ந்திருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். பவள உயிரிகள் தமக்குள் வாழும் நுண்பாசிகளின் ஒளிச்சேர்க்கையை நம்பி வாழ்பவை. மேலே போர்வைபோல் படரும் பாசி அவற்றின் ஒளியை மறைத்துவிடுகிறது. ஏற்கெனவே 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வெப்பத்தால் வெளிறி அடிபட்ட பவளப்பாறைகளுக்கு இது இரண்டாவது அடி. வளர்ப்பு எங்கே நடக்கலாம், எங்கே கூடாது என்று அரசு வகுக்கும் எல்லைகளைத் தொழிலுக்கு இடையூறாக எண்ணுவது தவறு. அவை மீன்வளத்துக்கான காப்பீடு.

மிதவைகளின் எண்ணிக்கையையும் வரம்பின்றிக் கூட்ட இயலாது. பாசிக்கு ஊட்டச்சத்தைக் கொண்டுவருவது ஓடும் நீர். மிதவைகள் நெருங்கினால் நீரோட்டம் தணியும். உள்ளே இருப்பவற்றுக்கு நைட்ரஜனும் கரியமும் குறையும். புதிதாக வந்த ஒருவரின் மிதவை, அவர் அறியாமலேயே அண்டை மிதவையின் விளைச்சலைக் குறைக்கிறது. பொருளியலில் இதைப் புறவிளைவு என்பார்கள். பொதுக் கிணற்றில் எல்லோரும் மோட்டார் வைத்தால் எல்லோருக்கும் நீர் குறைவது போன்றதுதான் இது.

கரியமில வாயுவை உறிஞ்சுவதால் கடற்பாசி புவி வெப்பமாதலைத் தடுக்கும் என்றும், அதைக் காட்டிக் கரிமக் கடன்மதிப்பு பெறலாம் என்றும் சிலர் கூறுகின்றனர். கடல்நீரில் பெரும்பாலும் பைகார்பனேட்டாகக் கரைந்துள்ள கரியத்தைச் சிவப்புப் பாசிகளில் பல உறிஞ்சுவது உண்மை. ஆனால், அறுவடை செய்த பாசி உணவாகி, பற்பசையாகி, விரைவில் அந்தக் கரியத்தைக் காற்றுக்கே திருப்பிவிடுகிறது. எங்கே எவ்வளவு காலம் தங்குகிறது என்று அளக்காமல் வரவு வைப்பது கணக்கியலுக்கு ஒவ்வாது. மேலும், கடல்நீர் அமிலத்தன்மை அடைவது சில பாசிகளுக்கு உதவக்கூடும் என்றாலும், சுண்ணாம்பு உடல் கொண்டு பவளப்பாறைகளை ஒட்டவைக்கும் சிவப்புப் பாசிகளை அது கரைக்கிறது. ஒரே குலத்தில் ஒருவருக்கு வரவு, மற்றவருக்கு நட்டம்.

இதனால் கடற்பாசி வளர்ப்பே வேண்டாம் என்றாகாது. அறிவோடு செய்தால் இது நிலைக்கும் என்பதற்கு ஜப்பான் சான்று. அங்கே உண்ணப்படும் நோரியும் ஒரு சிவப்புப் பாசியே. அதன் நாற்று எங்கிருந்து வருகிறது என்பது நெடுங்காலம் யாருக்கும் தெரியவில்லை. விளைச்சல் குருட்டு அதிர்ஷ்டமாகவே இருந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பணியாற்றிய கேத்லீன் ட்ரூ-பேக்கர், கிளிஞ்சலுக்குள் வாழும் வேறொரு பாசி எனக் கருதப்பட்டது நோரியின் இனத்தைச் சேர்ந்த பாசி ஒன்றின் வாழ்வின் ஒரு பருவமே என்று 1949-இல் கண்டறிந்தார். இலையுதிர் காலத்தில் பகல் குறுகி நீர் குளிரும்போது அது வித்துகளை வெளியிடுகிறது. அந்த அறிவைக் கொண்டு ஜப்பானியர் நாற்றுகளைத் தாமே உருவாக்கி, ஒரு பெருந்தொழிலை நிலைநிறுத்தினர். திருமணமான பெண் என்பதால் ஆசிரியப் பணியை இழந்து, ஊதியமின்றி ஆய்வு செய்தவர் அவர். அவருக்குக் குமமோட்டோ பகுதியில் 1963-இல் நினைவுச்சின்னம் எழுப்பினர்.

நாம் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதலாவதாக, ஆண்டு இலக்கை மாத இலக்காகப் பிரித்து, கோடையிலும் பெருமழையிலும் விளைச்சல் குறையும் என்பதைத் திட்டத்திலேயே ஏற்க வேண்டும். இரண்டாவதாக, வளர்ப்பிடங்களில் நீரின் வெப்பநிலையையும் உவர்ப்பையும் அன்றாடம் அளக்க வேண்டும். பவளம் வெளிறும் அபாயத்தை முன்னறிவிக்கும் ஏற்பாடு ஹைதராபாதில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்திடம் ஏற்கெனவே உள்ளது. பாசி வளர்ப்போருக்கும் அத்தகைய எச்சரிக்கை கிடைத்தால், மிதவையைச் சற்று ஆழத்துக்கு இறக்கவோ முன்கூட்டியே அறுவடை செய்யவோ இயலும். மூன்றாவதாக, வெப்பம் தாங்கும் விதைகளையும், கஞ்சிப்பாசி போன்ற நம் கடல் இனங்களையும் வளர்க்கும் விதை வங்கிகள் வேண்டும். நான்காவதாக, நீரின் வெப்பநிலை குறிப்பிட்ட அளவைக் குறிப்பிட்ட நாட்கள் தாண்டினால், இழப்பை நிரூபிக்கச் சொல்லி அலைக்கழிக்காமல் தானாகவே தொகை வழங்கும் காப்பீடு வேண்டும்.

திட்டமிடுவோர் கேட்க வேண்டியவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். பாம்பனை அடுத்த சின்னப்பாலம் கிராமத்தின் லட்சுமி, சீகாலஜி என்னும் அமைப்பின் விருதை 2015-இல் பெற்றவர். தீவுகளைச் சுற்றி மூழ்கி இயற்கைப் பாசியை எடுக்கும் அவரும் அவரோடு இருக்கும் பெண்களும், மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே எடுப்பது என்று தமக்குத் தாமே வரம்பு வகுத்துக்கொண்டவர்கள். மிச்சத்தை மட்டுமே எடுக்கலாம், முதலைத் தொடக்கூடாது என்பது அவர்களது கணக்கு. கோடிகளில் இலக்கு வகுக்கும் திட்டங்களுக்கும் அதுவே அளவுகோலாக வேண்டும்.